பொன்முடிக் குருவிகள் எங்கே போயின?

"அப்பா, இன்னைக்கு என்ன கிழமை?"

கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டே ஷோனா கேட்டாள். ஏதோ பேச்சோடு பேச்சாகக் கேட்பது போலத்தான் கேட்டாள். ஆனால் அதற்கு அவள் நன்றாக ஒத்திகை பார்த்திருக்கிறாள் என்று வெர்னாவுக்குத் தெரிந்துவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா?

லார்ன் தொலைநோக்கியின் முக்காலியை டிக்கியில் திணித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"அப்பா! என்ன கிழமைன்னு கேட்டேன்."

"கிழக்குக் காத்து இல்லம்மா, வடமேக்கு. காது போயிடும், குல்லாவைப் போட்டுக்கோ" என்றார் லார்ன்.

ஷோனா அம்மாவைப் பார்த்தாள். 'பாத்தியா?' என்றது அந்தப் பார்வை. வெர்னா ஃப்ளாஸ்க்கின் மூடியை, அது ஏற்கெனவே இறுகியிருந்தும், இன்னொரு முறை இறுக்கினாள்.

கார்மோர் துறை என்ற கடலோர ஊரில் அந்தக் குடும்பத்துக்கு இந்த வருஷம் நல்ல வருஷமாக இல்லை. ஆகஸ்டில் ஒருநாள் அடுப்பில் கெட்டில் விசிலடித்து விசிலடித்து, நீர் வற்றி, அடி கருகிப் போயிற்று. லார்ன் அதற்கு நாலடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஷோனாவின் நிச்சயதார்த்த விருந்தில் மாப்பிள்ளையின் அம்மா, "கல்யாணத்தை ஜூன்ல வச்சுக்கலாமா?" என்று கேட்டதற்கு, "எனக்குப் போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று பதில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ஷோனா மட்டும் சிரிக்கவில்லை. அப்புறம் சர்ச்சில் பாடுவதை நிறுத்தினார். அப்புறம் பேச்சையே குறைத்துக்கொண்டார்.

லார்னின் அப்பா மர்டோவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்து, "அம்மா, இது யார் வீடு?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்த மனிதர் கண்ணை மூடினார்.

வெர்னா அதை மறக்கவில்லை. "பறவைக் கணக்கு முடியட்டும். அந்த ஒருநாளை அவர் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும். அப்புறம் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்" என்று மகளிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அந்த ஒருநாள் இன்றைக்குத்தான்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். ஊரைச் சுற்றியுள்ள கடற்கரை, சதுப்பு, காடு, குப்பைமேடு என்று பங்கு பிரித்துக்கொண்டு, ஊர்க்காரர்கள் விடிந்ததிலிருந்து பொழுதடையும்வரை கண்ணில் பட்ட பறவையையெல்லாம் எண்ணுவார்கள். லார்னின் பங்கு துறைமுகமும் உப்புச் சதுப்பும் ஃப்ரேசர் காடும். வழக்கமாக அவரோடு போகும் ஹெக்டர் கிழவர் பனியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். அதனால் எழுதிக்கொள்ள வெர்னா, கார் ஓட்ட ஷோனா.

குருவிக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும் என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டவள் வெர்னா. இன்று அவள் எண்ண வந்தது பறவையை அல்ல. புருஷனை.

துறைமுகத்தில் இறால் கூண்டுகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. மீன் ஆலையின் கழிவுநீர் கடலில் விழும் இடத்தில் கடல்காக்கைகள் சந்தைக்கடை வைத்திருந்தன. லார்ன் முக்காலியை ஊன்றி, தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். அவ்வளவுதான். ஆளே மாறிப்போனார்.

"வெர்னா, எழுது. மிதவைக்கு இடப்பக்கம் ஈடர் வாத்து ஒரு கூட்டம். அதுல ஒண்ணு மட்டும் தலை வேற மாதிரி இருக்கு, இரு இரு, எழுதாதே... ஆ! இது வடக்கத்தி வாத்து. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே இடத்துல ஒண்ணு வந்துச்சு. அன்னைக்குக் கூட உன் தங்கச்சிக்குப் பிரசவம். நீ கோச்சுக்கிட்டே."

"கோச்சுக்காம? ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்ட வர்றேன்னுட்டு வாத்து பாத்துக்கிட்டு நின்னே!"

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. காற்று அவள் பேச்சைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அலை தெறிக்கும் பாறையில், பாறையின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்த ஊதா உள்ளான்களை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார். ஷோனா கண்ணைச் சுருக்கிப் பார்த்தும் அங்கே பாறை மட்டும்தான் தெரிந்தது.

இந்த மூளையா மங்குகிறது? வெர்னாவுக்கு ஒரு கணம் நம்பிக்கை துளிர்த்தது. உடனே வாடியும் போயிற்று. மர்டோவும் பழைய கதையெல்லாம் கடைசிவரை பிசகாமல் சொன்னார். பழசு கடைசியாகத்தான் போகும் என்று அப்போது டாக்டர் சொன்னது நினைவிருந்தது.

தூரத்தில் கார்களை ஏற்றிக்கொண்டு ஆற்றுமுகத்தைக் கடக்கும் படகு தெரிந்தது. முப்பது வருஷம் அதன் எஞ்சின் அறையில் வெந்து, பிறகு மாலுமியாக மேலே ஏறியவர் லார்ன். இன்றைக்கு அவருக்குப் பதில், கூட வேலை செய்யும் பேசில் ஓட்டினான். படகு துறையை நெருங்கியதும் பேசில் மேல்தட்டிலிருந்து குரல் கொடுத்தான்.

"என்ன தலைவா! வாத்து கிடைச்சுதா, இல்ல சளி கிடைச்சுதா?"

"ரெண்டும்டா! உனக்கு எது வேணும்?" என்று லார்ன் உடனே திருப்பிக் கொடுத்தார்.

வெர்னா அவரைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் மூன்று தடவை கூப்பிட்டால் ஒரு தடவை 'ம்' கொட்டுகிற மனிதர், பேசிலுக்கு மட்டும் பட்டென்று பதில் சொல்கிறார். ஒரு பக்கம் மறதி என்று பயம். இன்னொரு பக்கம், தன்மேல் இருந்த ஒட்டுதல்தான் போய்விட்டதோ என்று யாரிடமும் சொல்ல முடியாத ஒரு வலி. இரண்டில் எது தேவலை என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

உப்புச் சதுப்பில் லார்ன் மட்டும் இறங்கி, முழங்கால் பூட்ஸோடு காய்ந்த கோரைக்குள் நடந்து போனார். அம்மாவும் மகளும் காரில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

"அம்மா, நீ தள்ளிப் போட்டுக்கிட்டே போறே."

"நாளைக்கு மறுநாள் டாக்டருக்கு ஃபோன் பண்றேன்னு சொன்னேனே!"

"அவரு வெறும் வீட்டுல உக்காந்திருக்கறவரா இருந்தா நான் இவ்வளவு சொல்ல மாட்டேன். படகு ஓட்டறாரு. அதுல பள்ளிக்கூட பஸ் ஏறுது. நடு ஆத்துல நின்னுக்கிட்டு 'நான் எந்தக் கரைக்குப் போகணும்'னு யோசிச்சாருன்னா?"

"அப்படிப் பேசாதேடி."

"யாராவது பேசித்தானே ஆகணும்."

கோரைக்குள் லார்னின் சிவப்புக் குல்லா மட்டும் மிதந்து போனது. அவர் நின்றார், கருவாத்துகள் சடசடவென்று எழும்பின, அவர் கையை உயர்த்தி இவர்களைப் பார்த்து ஆட்டினார், 'பாத்தீங்களா?' என்பது போல. வெர்னாவும் கையை ஆட்டினாள். ஆட்டிய கை இறங்க நேரமாயிற்று.

ஃப்ரேசர் காட்டுக்கு வரும்போது மதியம் தாண்டியிருந்தது. ஊசியிலை மரங்கள் நெருங்கி நின்று காற்றை வெளியிலேயே நிறுத்திவிட்டன. உள்ளே பஞ்சு வைத்து அடைத்தது போல அமைதி. லார்னின் நடை தளர்ந்தது. காலையிலிருந்த குஷி மொத்தமும் எங்கேயோ வடிந்துவிட்டது.

"இங்க வரவே எனக்கு மனசில்லை" என்றார். "மூணு நாலு வருஷமா குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. போன வருஷம் ஒண்ணுகூட இல்லை."

"எது?" என்று வெர்னா அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"பொன்முடி. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். உச்சந்தலையில மஞ்சள் கோடு. முன்னெல்லாம் இந்தக் காட்டுக்குள்ள காலை வச்சா மேல ஊசி ஊசியா சத்தம் பெய்யும். உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கலாம். இப்போ பாரு, சவக்காடு. கணக்குத் தொகுக்கற மார்கரீத்கிட்ட சொல்லிட்டேன், இந்தக் காடு செத்துக்கிட்டிருக்குன்னு. ஹெக்டரும் அதான் சொன்னான், ஒண்ணும் கேக்கலைன்னு."

"ஹெக்டருக்கு எண்பத்திரண்டு வயசு லார்ன். பக்கத்துல பீரங்கி வெடிச்சாலும் 'உள்ளே வாங்க'ம்பாரு."

அவர் சிரிக்கவில்லை. தலையை அண்ணாந்து, வெகுநேரம் நின்றார். பிறகு சாவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்:

"பூஜ்யம் போட்டுடு வெர்னா."

வெர்னா கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, பென்சிலை எடுத்தாள். போடப் போனவள் நிறுத்தினாள்.

சீ... சீ... சீ...

மெல்லிய சத்தம். கண்ணாடியில் ஊசியால் கீறுவது போல. தலைக்கு நேர் மேலே. இடது பக்கம் இன்னொன்று. பின்னால் இரண்டு மூன்று சேர்ந்து.

"லார்ன், அப்போ இது என்ன?" என்று அவர் தோளைத் திருப்பிக் கேட்டாள்.

"எது?"

"இந்தச் சத்தம்."

"என்ன சத்தம்?"

வெர்னா மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஷோனாவின் வாய் பாதி திறந்திருந்தது. அவளுக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. காடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா," ஷோனா மரத்தைக் காட்டினாள், "அந்தக் கிளை நுனி!"

லார்ன் பைனாகுலரைத் தூக்கினார். தேடினார். நின்றார். அவர் தோள் இறுகியது.

கிளை நுனியில் கட்டைவிரல் அளவு சாம்பல் உருண்டை ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உச்சியில் மஞ்சள் கோடு. அதன் குட்டி அலகு திறந்தது, மூடியது, திறந்தது.

"வாயைத் திறக்குது" என்றார் லார்ன் மெதுவாக. "சத்தம் வரலியே."

வெர்னாவுக்குள் ஏதோ ஒன்று சரசரவென்று அவிழ ஆரம்பித்தது. அவர் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சத்தமில்லாமல் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். தினமும் அடுக்களையிலிருந்து எந்தக் குரலில் பேசுவாளோ அதே குரலில் சொன்னாள்:

"லார்ன், உன் பேண்ட் பின்னாடி கிழிஞ்சிருக்கு."

அவர் அசையவில்லை.

"நீ குறட்டை விடறது எதிர்க்கரைக்குக் கேக்குதாம்."

அசையவில்லை. ஷோனா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"லார்ன்," வெர்னாவின் குரல் உடைந்தது, "நீ என்னை மறந்துடப் போறேன்னு எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு."

அவர் பைனாகுலரை மெல்ல இறக்கினார். திரும்பியபோது அவள் கண் நிறைந்து நிற்பதைப் பார்த்துப் பதறினார். "என்னடி ஆச்சு? குளிருதா?"

வெர்னா சிரித்தாள். அழுதாள். இரண்டும் ஒன்றாக வந்ததில் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ செவிடு லார்ன்!" என்று காடே அதிரக் கத்தினாள். "வெறும் செவிடு! ஆண்டவனுக்குக் கோடி நன்றி, வெறும் செவிடு!"

"யாரு செவிடு? நீங்க ரெண்டு பேரும்தான் வாய்க்குள்ளேயே பேசறீங்க. பேசில் பேசினா எனக்கு நல்லாக் கேக்குதே?"

"அது குரலா? மூடுபனியில ஊதற கப்பல் சங்கு! மெல்லிசான சத்தம்தான் உங்களுக்குப் போயிருக்குப்பா" ஷோனா அவர் முன்னால் வந்து, முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "என் குரல். அம்மா குரல். கெட்டில் விசில். இந்தக் குருவி. எல்லாம் இருக்கு. உங்களுக்குத்தான் கேக்கலை."

லார்ன் அவளைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். அவர் கேட்டது அவர்கள் எதிர்பார்த்ததை அல்ல.

"அப்போ... இதுங்க போகலையா? இத்தனை நாளும் இங்கதான் இருந்துச்சா?"

"இங்கதான் இருக்கு. உன் தலைக்கு மேலயே இருக்கு" என்றாள் வெர்னா.

"காடு சாகலையா?"

"சாகலை லார்ன்."

அவர் குல்லாவைக் கழற்றினார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு பனியில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"நானும் அதைத்தான் நினைச்சேன்."

"எதை?" என்று அவர் முகத்தருகே குனிந்து கேட்டாள் வெர்னா.

"அப்பாவை. நீங்க பேசறது எதுவும் மண்டையில ஏறலை. எல்லாரும் சிரிக்கறாங்க, எதுக்குன்னு புரியலை. சரி, ஆரம்பிச்சிடுச்சுன்னு நினைச்சேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. பேசாம இருந்துட்டா நீ கண்டுபிடிக்க மாட்டேன்னு..."

வெர்னா அவர் கையைப் பிடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரே வீட்டில், ஒரே பயத்தை, இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சுமந்திருக்கிறார்கள். இதற்குப் பெயர்தான் தாம்பத்தியம் போலிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது.

"காதுக்கு மிஷின் வாங்கிக்கலாம்" என்றாள், அவர் முகத்துக்கு நேராக.

"கிழவன் மாதிரி இருக்கும்."

"கிழவன்தானே?"

"அம்மா, முதல்ல எழுந்திரு. பொழுது சாயுது, குருவியெல்லாம் அடைஞ்சிடும்" என்று ஷோனா இருவரையும் இழுத்து நிறுத்தினாள்.

அப்புறம் நடந்ததைப் பார்க்க ஊரே வந்திருக்க வேண்டும். வெர்னா காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். "அங்கே! இல்லை இல்லை, மேலே!" அவள் விரல் போன பக்கமெல்லாம் லார்னின் பைனாகுலர் போயிற்று. அவள் கேட்டாள், அவர் பார்த்தார், ஷோனா எழுதினாள். ஒருமுறை வெர்னா காட்டியது காய்ந்த தேவதாருக் காய். "இதுக்குப் பேரு என்ன, பொன்முடியா?" என்று லார்ன் கேட்க, "கண்ணுதான் எனக்கு மட்டம், காது இல்லை!" என்றாள் அவள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர்கள் சண்டை போட்டார்கள். எவ்வளவு நன்றாக இருந்தது!

இருட்டியதும் தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் எல்லாக் குழுவும் கூடியது. நீள மேஜைகளில் மீனும் உருளைக்கிழங்கும் போட்ட பால் சூப் ஆவி பறந்தது. ஈரக் கையுறைகள் ஹீட்டர் மேல் வரிசையாகக் காய்ந்தன. தட்டும் கரண்டியும் நாற்காலியும் சேர்ந்து ஒரே இரைச்சல். கணக்கைத் தொகுக்கும் மார்கரீத், மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். அது அவள் தலைமேலேயே இருந்தது.

வெர்னா இரண்டாவது கிண்ணமும் வாங்கிக்கொண்டாள். காலையிலிருந்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பேசிலின் மனைவி ஓலிவ் வந்தாள். பூப்போல ஒரு பெண், குரலும் அப்படித்தான். லார்னின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப வருத்தமா இருக்குண்ணா. ஜனவரியிலிருந்து உங்களைப் படகுலேருந்து இறக்கறாங்களாமே. பேசில்தான் பொறுப்பா ஓட்டணும்னு ஆபீஸ்லேருந்து நேத்து சொல்லிட்டாங்க. அவரு ராத்திரி சாப்பிடவே இல்லை. உங்க உடம்பு இப்போ எப்படியிருக்கு?"

லார்ன் முகமெல்லாம் மலர்ந்து தலையாட்டினார்.

"ஆமாம்மா! இந்த வருஷம் நிறையவே இருந்துச்சு! நான்தான் போயிடுச்சுன்னு நினைச்சேன்!"

ஓலிவ் திகைத்துப் போய், பரிதாபமாக வெர்னாவைப் பார்த்தாள். பிறகு நகர்ந்துவிட்டாள்.

வெர்னாவின் கரண்டி கிண்ணத்தில் இறங்கியது. ஆபீசுக்கு யார் சொன்னது? லார்ன் சொல்லவில்லை. அவள் சொல்லவில்லை. அவள் மெல்லத் திரும்பினாள்.

ஷோனாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அம்மா... போன வாரம்... நான் சும்மா விசாரிக்கத்தான் ஃபோன் பண்ணினேன். தாத்தாவுக்கு இருந்ததைச் சொன்னேன். பஸ்ஸுல வர்ற பிள்ளைங்களை நினைச்சு பயம் எனக்கு. இப்படி உடனே முடிவு பண்ணுவாங்கன்னு சத்தியமா நினைக்கலைம்மா."

நேற்று இதைக் கேட்டிருந்தால் வெர்னா இடிந்து போயிருப்பாள். இன்று கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் தரை இருந்தது. காலை ஊன்றி நிற்க முடிந்தது.

"பொன்முடிக் குருவி!" மார்கரீத் முன்னாலிருந்து கூவினாள். "ஃப்ரேசர் காடு? லார்ன்?"

லார்ன் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார். வெர்னா அவர் தோளைத் தொட்டு, "உன்னைத்தான்" என்று வாயசைத்தாள். அவர் எழுந்து நின்றார். எண்ணைச் சொன்னார். கூடம் ஒரு கணம் அடங்கி, பிறகு கைதட்டலில் வெடித்தது. யாரோ மேஜையைத் தட்டினார்கள். லார்ன் சின்னப் பையனைப் போல வெட்கப்பட்டுச் சிரித்தார்.

வெர்னா கைதட்டவில்லை. அவள் கை மேஜைக்கு அடியில் ஷோனாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"திங்கட்கிழமை மூணு பேரும் ஆபீசுக்குப் போறோம்" என்றாள். "அதுக்கு முன்னாடி, இன்னைக்கே, வீட்டுக்குப் போனதும் நீயே அப்பாகிட்ட சொல்லிடு."

"எப்படிம்மா சொல்றது?"

"நேரா நின்னு, முகத்தைப் பார்த்து, அவருக்குக் கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லு."